உள்ளான் காலில் ஒரு வளையம்

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வேலை கிடைத்துவிட்டது, கோடிக்கரைப் பக்கம் கடலோரத்தில் முகாம், வடக்கேயிருந்து வருகிற பறவைகளை வலையில் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுகிற வேலை, அடுத்த மாதம் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். படித்து முடித்ததும் சாமி விளக்கை ஏற்றினேன். ஆத்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. பயத்தில் மூன்று தீக்குச்சி வீணானது. தூரக்கண்ணாடி, நோட்டு, வளையம் என்று நீ எழுதியிருந்த ஒவ்வொன்றுக்கும் நான் ஏற்கெனவே ஒரு தடவை பயந்து முடித்தவள்.

கடைசியில் நாலு வரி சேர்த்திருந்தாய். "வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுல வாரேன் ஆத்தா. அப்பாவோட பழைய நோட்டு, கரையான் தின்னது போக ஏதாச்சும் மிச்சம் இருந்தா தேடி எடுத்து வையி. நாலு பக்கம் கெடைச்சாலும் போதும். அந்தக் காலத்துல உள்ளான் குருவி எப்ப வந்துச்சு, எத்தனை வந்துச்சுன்னு எழுதி வச்ச ஆளு இந்தச் சீமையிலயே வேற யாரும் இல்லையாம். எங்க ஆபீசர் கேட்டுக்கிட்டே இருக்காரு." இதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அடுப்பில் சோறு குழைந்து போனதுதான் மிச்சம்.

மிச்சம் எதுவும் இல்லை, தம்பி. கரையானும் தின்னவில்லை. நீ நேரில் வந்து கேட்டால் உன் முகத்தைப் பார்த்து நான் மறுபடியும் கரையான் என்றுதான் சொல்வேன். அதனால் எழுதிவிடுகிறேன். இன்று புதன்கிழமை. பெட்டியில் போட்டால் நாளைக்கு உன் அறைக்கு வந்துவிடும். படித்துவிட்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். நீ ஏறாமல் போய்விடுவாயோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற பெரிய பயம்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததா? பஸ் ஏறினால் பிடித்த கம்பியை இறங்குகிற வரை விடமாட்டேன். வீட்டுச் சுவருக்கு மலேரியா மருந்து அடிக்க வந்தவன் காக்கிச் சட்டை போட்டிருந்தான் என்று மாட்டுக்கொட்டகையில் போய் ஒளிந்தேனே, அதை நீ சிநேகிதப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். சிரிக்கட்டும். ஆனால் பயப்படுகிறவள் சும்மா இருக்கமாட்டாள், ஏதாவது செய்து தொலைப்பாள் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். தைரியசாலி செய்கிற தப்பு ஊருக்கே தெரியும். எங்களைப் போன்றவர்கள் செய்கிற தப்பு வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

உன் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்த காலத்தில் அவர் அரண்மனை வேட்டைப் பிரிவில் இருந்தார். கார்த்திகை, மார்கழியில் வெள்ளைக்கார விருந்தாளிகள் உள்ளான் சுட வருவார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாளே இவர் வரப்பு வரப்பாக நடந்து, எந்த வயலில் எத்தனை இறங்கியிருக்கிறது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்நேரம் எழும்பும் என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். சமஸ்தானத்தை மதராஸோடு சேர்த்த வருஷம் நீ பிறந்தாய். பிரிவை மூடிவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பிய பெரிய ஆபீசர் தன் தூரக்கண்ணாடியைக் கழற்றி இவர் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். இவர் கண்ணாடியும் கழுத்துமாக ஊருக்கு வந்து ஏர் பிடித்தார்.

சுட ஆளில்லை, கேட்க ஆளில்லை, ஆனாலும் எண்ணுவதை இவர் விடவில்லை. ஆவணி பிறந்துவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. விடிந்ததும் கண்ணாடியோடு கண்மாய்க்குக் கீழே போய்விடுவார். நான் கஞ்சி கொண்டு போனால் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார், உதடு மட்டும் அசையும். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. நடுவில் பேசினால் கோபம் வரும். "ஏங்க, இதை யாருக்குக் கொடுக்கப் போறீங்க? ராசாவும் இல்ல, துப்பாக்கியும் இல்ல" என்று கேட்டால், "வந்துருக்குல்ல புள்ள, எண்ணாம எப்புடி விடுறது" என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வா என்று கேட்காமல் விட்டதுபோல அவருக்கு உறுத்துமாம். எனக்கு எரிச்சல்தான் வரும். பரம்படித்த வயல் நடவுக்குக் காத்துக்கிடக்கும், இவர் குருவிக்குக் காத்துக்கிடப்பார்.

ஒரு நாள் என் கண்ணில் கண்ணாடியை வைத்துக் காட்டினார். தூரத்தில் சேற்று நிறத்தில் ஏதோ அசைகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அது என் மடிக்கே வந்துவிட்டது. பயந்துபோய்க் கண்ணாடியைக் கீழே போடப் பார்த்தேன். "அடியே, அது ஒன்னையப் பாக்கல, புழுவைப் பாக்குது" என்று சிரித்தார். முதுகெல்லாம் பொரி தெளித்த மாதிரி புள்ளி, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு, நிற்கும்போதும் வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிற நிலையில்லாத பிறவி. பொரி உள்ளான் என்றார். இமயமலைக்கும் அந்தப் பக்கம், பனி பெய்கிற தேசத்தில் குஞ்சு பொரித்து இங்கே வருகிறது என்றார். உள்ளங்கை அளவு உடம்பு. வழியில் பருந்து இருக்கும், புயல் இருக்கும், கண்ணி வைக்கிறவன் இருப்பான். இதற்குப் பயமே கிடையாதா என்று கேட்டேன். "பயம் இருக்கும் புள்ள. பயந்துகிட்டேதான் வருது" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவர் எண்ணும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

வருஷத்துக்கு ஒரு நோட்டு. நாற்பத்தெட்டிலிருந்து அறுபத்திரண்டு வரை தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அதில் எப்படி எழுதியிருப்பார் தெரியுமா? "பெரியசெய், அறுபது. மடைவயல், இருபத்தைந்து. வடக்கேயிருந்து வந்தவை. விடியும் முன் இறங்கியிருக்கின்றன. சிறு கூட்டம் ஒன்று கிழக்கே நகர்ந்தது." அரண்மனையில் பழகிய எழுத்து. உள்ளான் என்ற சொல்லைக்கூட ஒவ்வொரு வரியிலும் எழுதமாட்டார், எழுதுகிறவருக்குத்தான் தெரியுமே. இப்போது நீ இதை வேறு ஒருத்தன் படிக்கிற மாதிரி ஒரு தடவை படித்துப் பார். வடக்கே சண்டை நடக்கிற நேரத்தில், காக்கிச் சட்டை போட்டவன் படிக்கிற மாதிரி படித்துப் பார்.

சீனாக்காரன் சண்டை வந்த ஐப்பசி அது. நீ புதுக்கோட்டையில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. சாயங்காலமானால் ஊரே பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே நிற்கும். இன்றைக்கு அந்த இடம் போயிற்று, இன்றைக்கு இந்த இடம் போயிற்று என்று வாசிப்பார்கள். பெண்கள் தோட்டைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தோம். டீக்கடையில் ஒற்றன் பேச்சு. சாமியார் வேஷத்தில் திரிகிறானாம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன் வேஷத்தில் திரிகிறானாம். கீரமங்கலம் சந்தையில் ஒரு வளையல்காரனை ஏறக்குறைய அடித்தே விட்டார்கள். நான் இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், உன் அப்பா கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் வடக்கேயிருந்து வர்ற கூட்டம் பெருசு புள்ள" என்பார். மெதுவாகப் பேசுங்கள் என்று கதவைச் சாத்துவேன். அவர் என்னைப் பைத்தியம் போலப் பார்ப்பார்.

அந்த வாரத்தில்தான் வளையம் வந்தது. பெரியசெய் வயலோரத்தில் யாரோ குருவிக்கறிக்குக் கண்ணி வைத்திருந்தார்கள். அதில் கழுத்து மாட்டி ஒரு பொரி உள்ளான் செத்துக் கிடந்தது. அதன் வலது காலில் வெள்ளை உலோகத்தில் சின்ன வளையம். கண்ணி வைத்தவனே பயந்து, அது சாமி குருவியோ பேய்க் குருவியோ என்று தொடாமல் போய்விட்டான். உன் அப்பா அதை உள்ளங்கையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் முகத்தை அப்படி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. நீ பிறந்த அன்றைக்கு ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். கத்தி முனையால் வளையத்தை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பொடிப் பொடியாக இங்கிலீஷ் எழுத்து, பிறகு நம்பர்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"பம்பாய்க்குத் தெரியப்படுத்தச் சொல்லி எழுதியிருக்கு. யாரோ புடிச்சு மாட்டி விட்டுருக்காங்க புள்ள. எங்கயோ ஒருத்தன் இதை எண்ணியிருக்கான்."

"எதுக்கு மாட்டணும்? எந்த ஊருக்காரன் மாட்டுனான்?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? கார்டு எழுதித் தாரேன். நாளைக்குச் சந்தைக்குப் போறேல்ல, போட்டுட்டு வா."

ஒனக்கு எதுக்கு. தம்பி, செத்தவரைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் இந்த ஒன்றைச் சொல்லத்தான் சொல்வேன். அன்றைக்கு அவர் கால் மணி நேரம் என்னை உட்கார வைத்து, இது இன்னது, இதை மாட்டுகிறவர்கள் இன்னார், மாட்டுவது இதற்காக என்று சொல்லியிருந்தால் என் புத்திக்கு எட்டியிருக்கும். பேனாவை எடுத்து இங்கிலீஷில் கார்டு எழுதினார். அரண்மனையில் கற்ற இங்கிலீஷ், யோசித்து யோசித்து எழுதினார். எனக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும். எழுத்துத் தெரிந்தவளுக்கு, படிக்க முடியாத ஒரு காகிதத்தைக் கையில் வைத்திருப்பது எத்தனை பயம் என்று உனக்குத் தெரியாது.

சந்தைக்குப் போனேன். தபால் பெட்டிக்கு எதிரே நின்றேன். கார்டு திறந்த கடிதம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வடக்கேயிருந்து வந்த குருவி, அதன் காலில் நம்பர், பம்பாய்க்குத் தகவல். இதைப் போட்டால் நாளைக்கு இவரைக் கட்டி இழுத்துப் போவார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பெட்டிக்குள் பாதி நீட்டிய கையை வெளியே எடுத்து, கார்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, "போட்டாச்சு" என்றேன். வளையத்தைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தார், அதையும் வாங்கி, பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லிக் கேப்பைப் பானைக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் போயிருக்கும். மறுநாள் நடவில் எனக்குப் பக்கத்தில் செல்லம்மா நின்றாள். பக்கத்து வயல்காரி, நல்லவள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. "ஏண்டி, குருவிக் காலுல இங்கிலீசு எழுதி வளையம் மாட்டி விட்டா என்னா அர்த்தம்?" என்று கேட்டேன். யாரிடமாவது கேட்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவள் நாற்றுக்கட்டை அப்படியே கீழே போட்டாள். "ஆத்தாடி! ஒன் வீட்டுக்காரருக்கா வந்துச்சு?" என்றாள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். அவள் தன் புருஷனிடம் மட்டும்தான் சொன்னாளாம். அவன் டீக்கடையில் மட்டும்தான் சொன்னானாம்.

மூன்றாம் நாள் காலையில் ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்து, கண்ணாடியும் கையுமாக இருந்த உன் அப்பாவை வயலிலிருந்தே கூட்டிப் போனார்கள். தலையாரி ஓடி வந்து என்னிடம் சொன்னார். "ஒண்ணும் பயப்படாதத்தா, விசாரிக்கத்தான். வீட்டையும் சோதனை போடுவாக போலருக்கு." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முற்றத்தில் அண்டாவில் நெல் அவிந்துகொண்டிருந்தது. அடியில் உமித்தீ கனன்றுகொண்டிருந்தது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். தகரப்பெட்டியைத் திறந்தேன். பதினைந்து நோட்டு. ஒவ்வொன்றாகத்தான் போட முடிந்தது, மொத்தமாகப் போட்டால் தீ அணைந்துவிடுகிறது. அட்டை எரிய நேரமாகிறது என்று அட்டையைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். அறுபது, இருபத்தைந்து, வடக்கே, கிழக்கே என்று ஒவ்வொரு வரியாகக் கறுத்துச் சுருண்டது. பதினைந்து வருஷம் எரிய அரை மணி நேரம்தான் ஆனது. நெல்கூட அவிந்து முடியவில்லை.

மத்தியானம் ஏட்டு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார், அதுதான் கொடுமை. "உங்க வீட்டுக்காரர் குருவி எண்ணுறவருன்னு சொல்றாரும்மா. சமஸ்தானத்துல பாத்த வேலை, பதினஞ்சு வருசமா எழுதி வச்சுருக்கேன், கொண்டாந்து பாருங்கன்னு சொல்றாரு. அதை எடுத்துக் குடுங்க. நாற்பத்தெட்டுலேர்ந்து இதையேதான் எழுதுறாருன்னு கண்ணால பாத்துட்டா இன்ஸ்பெக்டர் ஐயா இப்பவே அனுப்பிருவாரு."

அவரைக் காப்பாற்ற இருந்தது அது ஒன்றுதான். அதை நான் உமியோடு சேர்த்து எரித்துவிட்டு நிற்கிறேன். எரித்தேன் என்று சொன்னால், ஏன் எரித்தாய் என்று கேட்பார். மறைக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் எரிக்கிறாள்? "கரையான் அரிச்சுருச்சுங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏட்டு முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், போய்விட்டார். ஸ்டேஷனில் அவர் உன் அப்பாவிடம், நோட்டெல்லாம் கரையான் அரித்துவிட்டதாமே என்று கேட்டாராம். உன் அப்பா, "ஆமாங்க, கரையான்தான். மறந்துட்டேன்" என்றாராம். இதைத் தலையாரி எனக்குச் சொன்னார்.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அடிக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். பங்குனி வரை திங்கட்கிழமை தோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கண்ணாடி திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கு நேரே உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். முற்றத்தில் சாம்பலுக்குள் அட்டைத் துண்டு ஒன்று பாதி கருகிக் கிடந்தது, அதைக் காலால் உள்ளே தள்ளினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "கஞ்சி இருக்கா புள்ள?" என்று கேட்டார். நீ பொங்கல் லீவுக்கு வந்து நோட்டு எங்கே என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் அவர்தான் சொன்னார், கரையான் என்று.

அதற்குப் பிறகும் ஆவணியானால் வரப்பில் போய் நின்றார். வெறும் கண்ணால் பார்ப்பார். எழுதமாட்டார். கையைப் பின்னால் கட்டியிருப்பார், விரல் மட்டும் ஒவ்வொன்றாக மடங்கும். தூரத்திலிருந்து அந்த விரல்களைப் பார்த்துவிட்டு நான் கஞ்சிப் பானையோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு.

நோட்டு எரிந்தது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது கார்டு. அது பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போவார். "எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்பார். நீகூடக் கேலி செய்திருக்கிறாய், "அப்பாவுக்கு யாரு லெட்டர் போடப் போறா?" என்று. அவரும் சிரிப்பார். ஒரு நாள் என்னிடம், "நம்ம இங்கிலீசு அவுகளுக்குப் புரியலையோ என்னமோ" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, தம்பி. ஐந்து வருஷம் அவர் மணிச் சத்தத்துக்கு எழுந்து போனார். சொன்னால் அந்தச் செல்லம்மா பேச்சும் வெளியே வரும், அவரைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். போன வருஷம் மாசியில் அவர் போய்விட்டார். வாசலுக்குப் போக எழுந்திருக்க முடியாத அந்தக் கடைசி வாரத்தில்கூட, மணி கேட்டால் கண்ணைத் திறந்தார்.

அந்தக் கார்டை நான் எரிக்கவில்லை. ஏன் தெரியுமா? பாசத்தில் என்று நினைக்காதே. சர்க்கார் முத்திரை போட்ட கார்டை எரித்தால் அதற்கு ஒரு தண்டனை இருக்குமோ என்று பயம். வளையத்தோடு அதையும் துணியில் சுற்றிக் கேப்பைப் பானையில் வைத்துவிட்டேன். நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, நேற்று அதை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்து, "இதுல என்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க ஐயா" என்றேன். அவர் படித்துப் படித்துச் சொன்னார். சொன்னதைத் திரும்பத் திரும்ப மனசில் சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். பம்பாயில் பறவைகளை ஆராய்கிற சங்கத்துக்கு அவர் எழுதியது இதுதான்:

"ஐயா, எங்கள் வயலில் கண்ணியில் பட்டு இறந்த பொரி உள்ளானின் வலது காலில் இந்த நம்பர் உள்ள வளையம் இருந்தது. பறவை இறந்ததற்கு வருந்துகிறேன். இதற்கு எந்த ஊரில் வளையம் மாட்டினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இந்த வருஷம் உள்ளான் எட்டு நாள் முந்தி வந்திருக்கிறது. நான் பதினைந்து வருஷமாக எண்ணி எழுதி வருகிறேன். தங்களுக்குப் பயன்படுமானால் எல்லாவற்றையும் பிரதி எடுத்து அனுப்பி வைக்கிறேன்."

இவ்வளவுதான். இதற்குத்தான் நான் பயந்தேன். போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்து, "பழைய கார்டு ஆத்தா, கூட ஸ்டாம்பு ஒட்டணும். ஏழு வருசம் கழிச்சா அனுப்பப் போறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். ஸ்டாம்பை நானே ஒட்டி, நானே பெட்டியில் போட்டேன். பதில் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும். நேற்றிலிருந்து மணிச் சத்தம் கேட்டால் நான் எழுந்து போகிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த ஊர் வயலில் இறங்கினாலும் முதலில் அந்த ஊர் ஆட்களிடம் போய் நின்று, நான் இன்னார் மகன், இன்ன காரியத்துக்கு வந்திருக்கிறேன் என்று சொல். ஆபீஸ் காகிதத்தை எப்போதும் சட்டைப்பையில் வை. பெண்கள் குளிக்கிற கரைப்பக்கம் கண்ணாடியைத் திருப்பாதே. எழுதுகிற எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுது, ஒன்றைக்கூட என்னிடம் கொடுக்காதே. நாளைக்கு உனக்குப் பெண்டாட்டி வருவாள். ஒனக்கு எதுக்கு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. பக்கத்தில் உட்கார வைத்துச் சொல், புரியவில்லை என்றால் மறுபடியும் சொல்.

வளையம் இங்கே இருக்கிறது, அழுக்குப் பிடிக்கவில்லை, நம்பர் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் நிற்கிற இடத்தில் அதை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்பேன். நீ இறங்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன், தபாலில் அனுப்பிவிடுகிறேன். இந்தத் தடவை போட்டுவிடுவேன், நம்பு.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீ மாட்டப்போகிற வளையங்களிலும் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கும். அந்தப் பறவைகளும் ஏதாவது ஒரு வயலில் போய் விழும், அதை என்னைப் போல ஒருத்தி எடுப்பாள். உன் ஆபீசரிடம் கேட்டுப் பார், அந்த வளையத்தில் கொஞ்சூண்டு இடம் மிச்சம் இருந்தால், பயப்படாதீங்க என்று தமிழில் ஒரு சொல் எழுத முடியுமா என்று.

உன் ஆத்தா